சத்தத்தைக் குறைக்கவும் சொல்கிறார்கள், கூட்டவும் சொல்கிறார்கள்

வணக்கம் அண்ணாச்சி,

பாட்டு, கீபோர்டு, தபலா என்று நாங்கள் மூன்று பேர். வண்ணார்பேட்டையில் ஓர் ஏ.சி. ஓட்டலில் சனி, ஞாயிறு ராத்திரி ஏழரை முதல் பத்து வரை வாசிக்கிறோம். அறுபது பேர் உட்காரும் ஹால், நீளம் 12 மீட்டர் இருக்கும். மேடையின் இரண்டு மூலையிலும் 15 இஞ்ச் ஸ்பீக்கர் தரையில் இருக்கிறது. முன் டேபிள்காரர்கள் ‘சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க’ என்று சர்வரிடம் சொல்கிறார்கள். பின்னால் இருப்பவர்களோ பாட்டு புரியவில்லை என்கிறார்கள். ஒன்பது மணிக்கு ஹால் நிறைந்துவிட்டால் எங்கள் பாட்டு எங்களுக்கே கேட்பதில்லை. வாட்ஸ் கூடுதலான ஸ்பீக்கர் வாங்கலாம் என்கிறார் முதலாளி. உச்சக் குரலைத் தானாக அடக்கும் கம்ப்ரெஸர் கருவி வாங்கினால் போதும் என்பது என் எண்ணம். தை பிறந்ததும் மொட்டைமாடியிலும் வாசிக்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

இரண்டையும் இப்போது வாங்க வேண்டாம். 300 வாட்ஸை 600 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. உங்கள் ஹாலில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. அது முன் டேபிளில் குவிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருகிற மைக் செட் ஊர் எல்லை வரை கேட்க வேண்டும் என்று கட்டப்படுவது. நம் பக்கத்து ஆபரேட்டர்களின் கை அதற்குப் பழகியது. ஓட்டலில் வேலை நேர்மாறு. எதிரே இருப்பவரிடம் முன்னால் குனியாமல் பேச முடிகிறதா என்பதுதான் அங்கே அளவு.

முதலில் ஸ்பீக்கரைத் தரையிலிருந்து எடுங்கள். தரையும் இரண்டு சுவர்களும் சேரும் மூலையில் பெட்டி இருந்தால், ஒவ்வொரு பரப்பும் தாழ்ந்த சுரங்களை 6 டெசிபல் வரை ஏற்றிவிடும். கீபோர்டின் இடது கை ‘கும்’மென்று ஹால் முழுக்க நிற்பது அதனால்தான். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ஸ்டாண்டில் ஏற்றுங்கள். அடிப்பாகம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், முகம் பின் டேபிளைப் பார்த்து லேசாகக் கீழே சாயட்டும். அப்போது ஹார்னின் (கூர்மையான சுரங்களை வீசும் பாகம்) நேர் வீச்சு முன் டேபிளின் தலைக்கு மேலே போய்விடும். தரையில் இருக்கும்போது முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உடம்பே கூர்மையான சுரங்களை மறைக்கிறது. பின்னால் போய்ச் சேர்வது டைல்ஸிலும் கண்ணாடியிலும் மோதித் திரும்பிய ஒலிதான். அதில் மெய்யெழுத்து மழுங்கி உயிரெழுத்து மட்டும் மிஞ்சும். பாட்டு புரியவில்லை என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அதற்காக மாஸ்டரை (மிக்ஸரில் மொத்தச் சத்தத்துக்கான திருகு) ஏற்றினால் முன் டேபிள்தான் காலியாகும்.

பணம் செலவழிக்க முதலாளி தயார் என்றால், மேடையிலிருந்து 7 மீட்டரில் சுவரில் மாட்ட 6 இஞ்ச் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கச் சொல்லுங்கள். அதற்கு மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட் கணக்கில் 21 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்) கொடுத்து, மேடை ஒலியோடு சேர்ந்து வரும்படி செய்து, தனியாகக் காதில் விழாத அளவுக்குத் தாழ்த்தி வையுங்கள். டிலே இல்லாத மிக்ஸர் என்றால் இந்த ஜோடியே வேண்டாம், ஒரே சொல் சற்று முன்பின்னாக வந்து தெளிவைக் கெடுக்கும்.

அடுத்தது ஒன்பது மணிச் சிக்கல். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர்கள் தாமறியாமலே குரலை உயர்த்துவார்கள். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். நீங்கள் 3 டெசிபல் ஏற்றினால் பேச்சும் ஏறும், பிறகு நீங்கள் மறுபடி ஏற்ற வேண்டிவரும். அந்த ஓட்டத்தில் ஹாலை ஜெயிக்க முடியாது. போனில் ஒலி அளக்கும் ஆப் போட்டு, ஏ வெயிட்டிங் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளப்பது), ஸ்லோ (மெதுவாக மாறும் அளவு) என்று வைத்து நடு டேபிளில் பாருங்கள். காலி ஹாலில் பாட்டோடு 66, 68 டெசிபல் போதும். நிறைந்த பிறகு 74-ஐத் தாண்ட விடாதீர்கள். போன் அளவு சில டெசிபல் முன்பின் காட்டும், ஆனாலும் ஒரே போனில் வாராவாரம் ஒப்பிட அது உதவும். உச்ச நேரத்தில் இருபது நிமிடம் வாசிப்பை நிறுத்துங்கள். அந்த இடைவேளையில் ரெக்கார்டு பாட்டுப் போடக் கூடாது. பேச்சு தானாக இறங்கும், அடுத்த செட்டை மெல்லிய பாட்டில் ஆரம்பியுங்கள்.

உங்கள் பாட்டு உங்களுக்குக் கேட்காததற்கு மெயின் ஸ்பீக்கரில் மருந்து தேடாதீர்கள். பாடகரின் காலடியில் அவருக்கு மட்டும் கேட்கும்படி ஒரு சின்ன மானிட்டர் ஸ்பீக்கர், அல்லது ஒரு காதில் இயர்போன் போதும். மைக்கை உதட்டிலிருந்து மூன்று, நான்கு விரல் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அரையடி தள்ளிப் பிடித்துவிட்டு மைக் ஒலியைப் பெருக்கும் கெயினைத் திருகினால் ஹாலின் இரைச்சலும் சேர்ந்து வரும், ஊளையும் வரும். குரல் சேனலில் தாழ்ந்த சுரங்களை வெட்டும் லோ-கட் பொத்தானை அழுத்தி வையுங்கள். குரலுக்கு இடம் விட, கீபோர்டில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் 3 டெசிபல் குறையுங்கள். மாஸ்டரைத் தொடாமலே பாட்டு முன்னுக்கு வரும்.

அறுபது பேர் ஹாலில் தபலாவுக்கு மைக் அநேகமாகத் தேவைப்படாது. கீபோர்டில் தானாக வாசிக்கும் தாளம் (ரிதம் ஸ்டைல்) ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள், தபலாக்காரர் அதோடு போட்டி போட்டு ஓங்கி அடிக்க வேண்டியிருக்காது. அவருக்குக் கீழே ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள். பத்தமடைப் பாய் அழகுதான், ஆனால் மெல்லியது, ஒலியை அவ்வளவாக உறிஞ்சாது. மேடைக்கு எதிரே கண்ணாடிச் சுவர் இருந்தால் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, மடிப்பு மடிப்பாகக் கனத்த திரை தொங்கவிடச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பல்லவி உச்சத்தில் குரல் குத்தினால், அப்போது கம்ப்ரெஸர். 3:1 விகிதத்தில், உச்சத்தில் மட்டும் 4, 5 டெசிபல் குறையும்படி த்ரெஷோல்டை (கருவி வேலையைத் தொடங்கும் அளவு) வையுங்கள். குறைத்த ஒலியைத் திரும்ப ஏற்றும் மேக்கப் கெயினைக் கூட்டாதீர்கள், கூட்டினால் ஊளை வரும்.

மொட்டைமாடி வேறு விஷயம். திறந்த வெளியில் ஸ்பீக்கர் வைக்க எழுத்துமூல அனுமதி வேண்டும், இரவு பத்து மணிக்கு மேல் கூடாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அதைச் சொல்கின்றன. வணிகப் பகுதிக்குப் பகலில் 65, இரவில் 55 டெசிபல், குடியிருப்புக்கு 55, 45 என்பது அவற்றின் வரம்பு. தாழ்ந்த சுரங்கள்தான் (பாஸ்) பக்கத்துத் தெருவுக்குப் போகும். அதனால் அங்கே 15 இஞ்ச் பெட்டியை ஏற்றாமல், நான்கு சின்ன ஸ்பீக்கர்களை மாடியின் ஓரங்களில் நடுவைப் பார்த்து வைத்து, எல்லாவற்றிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அனுமதித் தாளை முதலாளி பெயரில் வாங்கச் சொல்லி, நகல் ஒன்றை மிக்ஸர் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.