இஞ்சி இலையா, ஏல இலையா?

கேள்வி: நீலகிரியில் பந்தலூர் பக்கம் எங்கள் மகளிர் குழுக்கள் சேர்ந்து ஒரு கூட்டம் வைக்கிறோம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள், மலையாளிகள், படுகர், பணியர், மவுண்டாடன் செட்டிகள், தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் ஜார்க்கண்ட் பெண்கள் என்று 40 பேர் வருவார்கள். போன முறை மைக்கைக் கொடுத்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னோம். பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கும் அவரவர் ஆட்களோடுதான் போய் உட்கார்ந்தார்கள். கூச்சம் போக ஏதாவது விளையாட்டு உண்டா?

பதில்: முதலில் அந்த மைக்கை எடுத்து உள்ளே வையுங்கள். அது கைக்கு வந்தாலே பேச்சுப் பழக்கம் உள்ளவர் நீட்டி முழக்குவார், மற்றவர் வாய் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், "சொந்த ஊர் எது?" என்ற கேள்வியையும் தவிர்த்துவிடுங்கள். பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவார்களே, வரைபடத்தில் அவரவர் ஊரில் பொட்டு ஒட்டும் விளையாட்டு, அதை நானும் ஒரு முறை கூடலூரில் வைத்தேன். ஒரு அம்மா பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தார். பிறந்தது கண்டிப் பக்கம். தாத்தா திருச்சிப் பக்கம், ஆனால் அங்கே இவருக்கு ஒருவரையும் தெரியாது. வாழ்ந்ததெல்லாம் இந்த மலையில். கடைசியில் பொட்டைத் தன் சேலை முந்தானையிலேயே ஒட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிய ஊர்களில், இந்தக் கேள்வியை எப்படி நான் விளையாட்டு என்று நினைத்தேனோ தெரியவில்லை. பணியப் பெண்ணிடம் கேட்டாலும் சரிவராது. அவர் எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயே இருக்கிறவர்.

உங்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது இலை விளையாட்டு. இஞ்சி, மஞ்சள், ஏலம், மிளகு, காப்பி, இந்த ஐந்தின் இலைகளையும் அன்று காலையே பறித்து, இரண்டு விரல் அகலத் துண்டாக நறுக்கி, ஈரத்துணி போட்ட கூடையில் வையுங்கள். தேயிலை வேண்டாம், பார்த்ததும் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். வாசலில் வரும்போதே ஆளுக்கு ஒரு துண்டு. சேர்ந்து வருகிறவர்கள் கையில் வேறு வேறு இலை போகும்படி பார்த்துக் கொடுங்கள். ஒரே இலைக்காரர்கள் ஒன்றாக உட்கார வேண்டும், அவ்வளவுதான் விதி.

வேடிக்கை என்னவென்றால் இஞ்சி, மஞ்சள், ஏலம் மூன்றும் ஒரே குடும்பம். நறுக்கிவிட்டால் கண்ணுக்குப் பிடிபடாது. கசக்கி மோந்து பார்க்க வேண்டும், அப்போதும் சந்தேகம் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டித்தான் ஆக வேண்டும். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய டீச்சரம்மா, காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்த ஒரு பணியப் பாட்டியிடம் போய் "இது என்னதும்மா?" என்று கேட்பார். பாட்டி கையில் வாங்கி, நகத்தால் கிள்ளி, மோந்து, சிரித்துவிட்டு "ஏலம்" என்பார். நான் வைத்த கூட்டங்களில் இறுக்கம் தளர்வது இந்த இடத்தில்தான். வழக்கமாக வாய் திறக்காதவருக்கு மற்றவரைவிட ஒரு விஷயம் அதிகம் தெரிகிற வேளை அது. அதனால் சரி, தவறு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குழுவே அடித்துப் பேசி முடிவு செய்யட்டும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, மொழியும் அதிகம் வேண்டாம் என்பது கூடுதல் வசதி.

உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கெட்டில் பால் இல்லாத டீ, தனியாகச் சர்க்கரை, வெல்லம், தட்டிய இஞ்சி, ஏலக்காய், பால். தன் வீட்டில் போடுகிற மாதிரி ஒரு கப் கலந்து இடப்பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் கட்டஞ்சாயா என்பார், ஒருவர் தேத்தண்ணி என்பார், ஒருவர் லால் சாய் என்பார். அதிலேயே பத்து நிமிடம் ஓடிவிடும்.

பேச ஒரு தலைப்புத் தேவைப்பட்டால் அட்டைப்பூச்சியைக் கொடுங்கள். மழைக்காலத்தில் கடித்தால் உங்கள் வீட்டில் என்ன வைப்பீர்கள்? உப்பு, சுண்ணாம்பு, புகையிலை, சோப்பு என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வரும். எது நல்லது என்று சண்டையே நடக்கும். யானைக் கதை சொல்லச் சொல்லலாமே என்று தோன்றும், வேண்டாம். உங்கள் பக்கத்தில் யானையிடம் ஆளைப் பறிகொடுத்த வீடு அந்த 40 பேரில் இருக்கக்கூடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. "உங்கள் ஆட்டத்தை ஆடிக் காட்டுங்கள்" என்று பழங்குடியினரிடமோ படுகரிடமோ கேட்காதீர்கள். அவர்களே எழுந்து ஆடினால் அது வேறு. கண்ணைக் கட்டுவது, ஆணும் பெண்ணும் கைகோப்பது மாதிரி விளையாட்டுகளும் வேண்டாம். ஜார்க்கண்ட் பெண்களுக்குத் தமிழ் வரவில்லை என்றால், இங்கே பள்ளிக்குப் போகிற அவர்கள் பிள்ளைகள் கூடவே வரட்டும். பிள்ளைகளுக்கும் ஒரு இலை கொடுங்கள்.

ஞாயிறு காலை 10 மணி என்று மட்டும் நோட்டீசில் போட்டுவிடாதீர்கள். துவைக்கிற வேலையும் கடைக்குப் போகிற வேலையும் அப்போதுதான் இருக்கும். மதியம் 2 மணிக்கு வைத்து, கடைசி பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இலைத் துண்டு 40க்குப் பதில் 50 நறுக்குங்கள், மோந்து மோந்தே பாதியைக் கசக்கிவிடுவார்கள்.