கேள்வி பதில்: இரண்டு கெண்டை ரகங்களை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: சாதாக் கெண்டையில் இரண்டு ரகங்களை ரகத்துக்கு ஒரு குளமாக 180 நாட்கள் வளர்த்தேன். 10 கிராமில் விட்ட முதல் ரகம் சராசரியாக 400 கிராமும், 20 கிராமில் விட்ட இரண்டாவது ரகம் 500 கிராமும் எட்டின. இரண்டாவதே மேல் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. ஒரே தீவனத்தை இட்டாலும் எந்த இரு குளங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அடிச்சேறு, மிதவை உயிரிகள், பிழைத்த மீன்களின் எண்ணிக்கை ஆகியவை வேறுபடுவதால், உங்கள் கணக்கில் ரகத்தின் குணம் எவ்வளவு, குளத்தின் குணம் எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. தொடக்க எடை இன்னொரு சிக்கல். நாளொன்றுக்கான சதவீத வளர்ச்சியைக் கணக்கிட்டால் முதல் ரகம் 2.05, இரண்டாவது 1.79 என்று வருகிறது. அதாவது வரிசையே தலைகீழாகிறது. அதற்காக முதல் ரகத்தைக் கொண்டாடவும் வேண்டாம், ஏனெனில் சிறிய மீன் எப்போதுமே சதவீதத்தில் வேகமாக வளரும்.

இரண்டு ரகங்களையும் ஒரே வாரத்தில் பொரிக்க வைத்து, ஒரே எடைக்கு வளர்த்து, துடுப்பை நறுக்கியோ வேறு வகையிலோ அடையாளமிட்டு, ஒரே குளத்தில் கலந்து விடுவதே முறை. இதனைக் குறைந்தது மூன்று குளங்களிலாவது செய்ய வேண்டும். கலந்து வளர்க்கும்போது பெரிய மீன் தீவனத்தைத் தட்டிப் பறித்துக்கொள்வதால், தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடுகூட ஊதிப் பெருகும் என்பதை இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மோவ், வோல்ஃபார்த் இருவரும் கெண்டை மீன்களிலேயே விளக்கியிருக்கிறார்கள். சீனக் கெண்டை ரகம் எருவிட்ட குளத்திலும், ஐரோப்பிய ரகம் நல்ல தீவனம் பெறும் குளத்திலும் சிறந்தன என்பதும் அவர்களது ஆய்வுகளில் தெரிந்த உண்மை. ஆகவே நீங்கள் உண்மையில் எப்படி வளர்க்கப் போகிறீர்களோ அப்படிப்பட்ட குளத்தில்தான் சோதிக்க வேண்டும்.

கேள்வி: இனப்பெருக்கத் திறனை ஒப்பிட, முட்டைகளை எண்ணினால் போதுமா?

பதில்: போதாது. சாதாக் கெண்டை ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது என்பதால், எண்ணிக்கை அரிதாகவே சிக்கலாகிறது. கருவுறும் விகிதம், பொரிக்கும் விகிதம், முதல் சில நாட்களில் குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் ஆகியவையே முக்கியம். ஒரே வயதுடைய பல தாய் மீன்களைப் பயன்படுத்துங்கள். ஒரே இணையை வைத்துச் சோதித்தால், அந்த இணையைப் பற்றித்தான் தெரியும், ரகத்தைப் பற்றித் தெரியாது.

என் பார்வையில் பலர் கவனிக்கத் தவறுவது முதிர்ச்சி வயதை. வெப்பமான நீரில் பழைய ரகச் சாதாக் கெண்டை ஓராண்டு நிறையுமுன்னரே சினையாகி, குளத்திலேயே முட்டையிட்டு, உண்ட தீவனத்தைச் சினைக்குச் செலவிடுகிறது. வேண்டாத குஞ்சுகளும் பெருகுகின்றன. ஹங்கேரியிலிருந்து கர்நாடகத்துக்குக் கொண்டுவரப்பட்ட அமூர் ரகம் தாமதமாக முதிர்வதே அதன் கூடுதல் எடைக்கு ஒரு காரணம். எனவே குஞ்சு உற்பத்தியாளருக்குக் குறையாகத் தோன்றும் குணம், வளர்ப்பாளருக்கு வரமாகிறது.

கேள்வி: மேம்பட்ட ரகம் என்று வாங்கிய குஞ்சுகளிலிருந்து நானே தாய் மீன்களை உருவாக்கலாமா?

பதில்: உருவாக்கலாம், எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் ஜெயந்தி ரோகு என்னும் மேம்பட்ட ரோகு மீன் ரகத்தை உருவாக்கியபோது கங்கை, யமுனை, பிரம்மபுத்திரா முதலிய பல ஆறுகளின் மீன்களைச் சேர்த்தே தொடங்கியது. ஐந்து ஆண், ஐந்து பெண் மீன்களை மட்டும் கொண்டு இனம் பெருக்கினால், ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக் கலப்பு (நெருங்கிய உறவுள்ள மீன்கள் இணைவதால் வரும் கலப்பு) சுமார் 5 சதவீதம் கூடும். வாங்கிய மேம்பாட்டைச் சில தலைமுறைகளில் அதுவே தின்றுவிடும்.