தோற்றால் தூக்கம் போகிறவருக்கு ஏற்ற பொழுதுபோக்கு

கேள்வி: வயது 38. திருச்சியில் தனியார் வங்கிக் கிளையொன்றின் மேலாளர். வேலையைத் தவிர வேறு எதிலாவது மனதைச் செலுத்தச் சொல்கிறார் மருத்துவர். கிடார் வாங்கி ஐந்தே வாரத்தில் மூலையில் வைத்துவிட்டேன். ஷட்டில் ஆடப்போனால் தோற்ற இரவு தூக்கம் வருவதில்லை. எதைத் தொட்டாலும் அதில் முதலிடம் வேண்டும் என்று தோன்றுகிறது. எனக்கு எதுதான் சரிப்படும்?

பதில்: முனைப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்போவதில்லை. 1950களில் சான் பிரான்சிஸ்கோவின் இதய மருத்துவர்கள் மேயர் ஃபிரீட்மனும் ரே ரோசன்மனும், அவசரமும் போட்டி மனப்பான்மையும் மிகுந்தவர்களை ‘டைப் ஏ’ என்று வகைப்படுத்தி, அந்தக் குணத்தை இதய நோயோடு தொடர்புபடுத்தினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் அந்தத் தொடர்பு வலுவாக நிற்கவில்லை. ஓரளவு தாக்குப்பிடித்தது கோபமும் பகைமையும்தான். ஆகவே லட்சியம் இருக்கட்டும். எரிச்சலைக் கிளறாத பொழுதுபோக்காகப் பாருங்கள்.

கிடாரில் விரல் நுனி காய்க்கவே மூன்று நான்கு வாரம் ஆகும், ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் ‘எஃப்’ பிடி சுத்தமாக விழ இன்னும் நாளாகும். மாதக் கடைசியில் இலக்கு எட்டியதா என்று பார்த்தே பழகியவருக்கு இந்த இடைவெளி தோல்வியாகத்தான் தெரியும். ஷட்டிலில் சிக்கல் வேறு, கால்மணிக்கு ஒருமுறை ஒரு தீர்ப்பு. ஆன்லைன் செஸ் அதைவிட மோசம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ரேட்டிங் எண் கண்முன் ஏறி இறங்கும். ஆடியே தீருவேன் என்றால் 15 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல் என்ற கணக்கில் நாளுக்கு ஒரே ஆட்டம். இரவில் மூன்று நிமிட பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டம் வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிற, எதிராளி இல்லாத, அவசரப்பட்டால் அங்கேயே தண்டனை கிடைக்கிற ஒன்று. மொட்டை மாடி இருந்தால் காய்கறித் தோட்டம்தான் என் முதல் சிபாரிசு.

மண் கலவைக்குச் செம்மண், கழுவிய தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க் கழிவைக் கழுவாமல் போட்டால் உப்பு தங்கி நாற்று கருகும். செடிக்கு ஒன்றாக 12 அங்குல குரோ பேக், அதாவது செடி வளர்க்கும் பை. நனைந்தால் கனக்கும் என்பதால் சுவர், பீம் ஓரமாகச் செங்கல் மேல் வையுங்கள்.

முதல் பயிர் தக்காளி என்று ஆரம்பிக்காதீர்கள். சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் 25 நாளில் பிடுங்கலாம், உங்கள் பொறுமை அதுவரை தாங்கும். அடுத்தது வெண்டை. விதையை இரவு முழுக்க ஊறவைத்து நேரடியாக ஊன்றுங்கள், ஏறத்தாழ 45 நாளில் முதல் காய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும். மூன்றாவதாகத் தக்காளி. 25 நாள் நாற்றை நட்டபின் 60, 70 நாள் காத்திருக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் நடுங்கள். திருச்சியின் சித்திரை வெயிலில் பூ உதிரும், அதற்கு உங்கள் உழைப்பு பொறுப்பல்ல.

உங்களைப் போன்றவர்கள் செடியைக் கொல்வது பெரும்பாலும் கவனக்குறைவால் அல்ல, அதிகக் கவனிப்பால். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். தினம் இருமுறை ஊற்றினால் வேர் அழுகும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று யூரியா போட்டால் இலை செழிக்கும், பூ வராது. லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம், 15 நாளைக்கு ஒருமுறை. அதற்குமேல் எதுவும் தேவையில்லை.

முதல் ஆண்டு எட்டுப் பைகளைத் தாண்டாதீர்கள். இரண்டாம் மாதமே நாற்பது பை, சொட்டுநீர்க் குழாய், யூடியூப் சேனல், அப்பார்ட்மென்ட்டில் விற்பனை என்று திட்டம் கிளம்பும். கிளம்பினால் அது இன்னொரு கிளை அலுவலகம். தண்ணீர் ஊற்றும் வேலையை வாட்ச்மேனிடம் ஒப்படைத்து மேற்பார்வை பார்ப்பதும் அதே நோய்தான். ஊருக்குப் போகிற நாட்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

மாடி இல்லையென்றால் ஓட்டம், மருத்துவரிடம் கேட்டபிறகு. ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 நிமிடம், வாரம் மூன்று நாள், அடுத்தடுத்த நாளில் அல்ல. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வரும். வலி வந்தால் நடைக்குத் திரும்புங்கள். முதல் ஆறு மாதம் எந்த மாரத்தானுக்கும் பெயர் கொடுக்காதீர்கள், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வேகக் கணக்கும் போடாதீர்கள்.