கிளாம்பாக்கத்துக்கும் மெட்ரோ வேண்டும்

கேள்வி: எனக்கு 68 வயது. மகன் சென்னை வடபழனியில் இருக்கிறான். ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து ஆட்டோவுக்குக் கொடுப்பது பஸ் கட்டணத்தைத் தாண்டுகிறது. மெட்ரோதான் ஏற்கெனவே ஓடுகிறதே, ஆற்காடு சாலை நெடுக மறுபடியும் எதற்குத் தூண்? நம்ம பக்கத்து ஜனங்களுக்கு இதில் பிரயோசனம் உண்டா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் போன தை மாதம் நானும் வீட்டுக்காரியும் பட்ட பாடுதான் ஞாபகம் வந்தது. விடிகாலை 4 மணி, இரண்டு தேன்குழல் டின், ஒரு ஓலைக் கொட்டான் நிறைய சீப்புச் சீடை. முக்கால் மணி நேரம் நின்றோம்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ 5 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். அதனால் அவசரப்படாமல் ஒரு காபி குடித்துவிட்டு, விமான நிலையம் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். அங்கே மெட்ரோ பிடித்து, மூன்றாவது ஸ்டேஷனான ஆலந்தூரில் மாறினால் நேரே வடபழனி. ஆலந்தூரில் இரண்டு பாதையும் வேறு வேறு மாடியில் இருக்கின்றன. லிஃப்ட் உண்டு, முழங்கால் வலியோடு படி ஏற வேண்டாம். ரயிலில் எழும்பூர் வந்து இறங்கினால் இன்னும் சுலபம், மாறவே வேண்டாம்.

சரி, தூண்களுக்கு வருவோம். 2015-ல் கோயம்பேடு - ஆலந்தூர் என்று தொடங்கிய முதல் கட்டம் இன்று சுமார் 54 கி.மீ. ஆனால் பாதைகள் இரண்டுதான். மயிலாப்பூர், போரூர், பழைய மகாபலிபுரம் சாலை எல்லாம் விட்டுப்போயின. இரண்டாம் கட்டத்தில் மூன்று பாதைகள், ஏறக்குறைய 119 கி.மீ., 63,246 கோடி ரூபாய். உங்கள் மகன் வீட்டுப் பக்கம் வருவது கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி பாதை. கோடம்பாக்கம் வரை சுரங்கம், அப்புறம் மேலே ஏறி வடபழனியில் பழைய பாதையைத் தொடுகிறது. ஆழ்வார்திருநகர் தாண்டி ஒரே தூண் இரண்டு பாதைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சுமக்கிறது. அங்கே தூண்கள் அவ்வளவு உயரமாக நிற்பது அதனால்தான். வேலை முடிந்தால் மகன் வீட்டிலிருந்து கபாலீசுவரர் கோயிலுக்கு ஒரே வண்டியில் போய் வரலாம்.

நாற்பது வருஷம் ரோடும் பாலமும் போட்ட எனக்குத் தோண்டுவதில் குறை இல்லை. மனசு ஆறாதது ஒன்றுதான். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது 2023 டிசம்பரில். விமான நிலையத்திலிருந்து அங்கே 15.46 கி.மீ., 13 ஸ்டேஷன் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். தென்மாவட்டத்து ஜனமெல்லாம் வந்து இறங்கும் வாசல் அது. வீட்டு முகப்புக்குப் படி வைக்காமல் உள்ளே இரண்டாங்கட்டுக்குக் கல் பதிப்போமா? இந்தப் பாதைதான் முதலில் வந்திருக்க வேண்டும். நான் மனு எழுதிப் போட்டுவிட்டேன், நீங்களும் ஒரு கார்டு எழுதுங்கள்.

இன்னொன்று ஆச்சி, மெட்ரோ வாசலில் பையை எல்லாம் ஸ்கேன் மெஷினில் வைத்து எடுக்க வேண்டும். கொட்டானை மூடி, துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.