குன்னூரில் லைலாக் ஏன் பூக்கவில்லை?

கேள்வி: குன்னூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் நட்ட லைலாக் என்னும் ஊதாப் பூப்புதர் நான்கு ஆண்டுகளில் ஆளுயரம் வளர்ந்துவிட்டது. தொழுவுரம், பூச்செடி உரம் எல்லாம் இட்டும் ஒரு கொத்துகூடப் பூக்கவில்லை. என்ன குறை?

பதில்: முதலில் ஓர் இலையைப் பறித்துப் பாருங்கள். லைலாக்கின் இலை ஏறக்குறைய வெற்றிலையைப் போல இதய வடிவில் இருக்கும். ஒட்டுக்கன்றுகளைப் பெரும்பாலும் பிரிவெட் என்னும் வேலிச்செடியின் மீது ஒட்டுவதால், மேல் ஒட்டு பட்டுப்போய் அடிச்செடி மட்டும் தழைத்திருந்தால், சிறிய நீள்வட்ட இலைகளையே காண்பீர்கள்.

இலை சரியாக இருந்தால், குறை உரத்தில் இல்லை, குளிரில்தான் இருக்கிறது. மல்லிகை, பவழமல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், லைலாக் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் மலைகளின் செடி. கோடையில் கிளை நுனியில் இணையாகத் தோன்றும் மொட்டுகள், இலையுதிர்ந்தபின் பல வாரங்கள் தொடர்ந்து குளிரில் உறங்கினால்தான் இளவேனிலில் ஒழுங்காக மலரும். உறைபனியில் புல்வெளி வெளுக்கும் உதகையிலேயே முற்பகலுக்குள் வெயில் ஏறிக் குளிர் கலைந்துவிடுகிறது. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரில் உறைபனியே அரிது. தெற்குக் கலிபோர்னியாவின் மிதமான குளிருக்கென உருவாக்கப்பட்ட 'லாவண்டர் லேடி' போன்ற ரகங்களுக்கு, இலையுதிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்து உறக்கத்தைத் தூண்டுவார்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் உங்கள் ஊரில் அதுவும் கைகூடாது.

மண்ணும் ஒத்துவராது. உங்கள் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறதென்றால் மண் அமிலத்தன்மை மிக்கது என்று பொருள்; லைலாக்கோ நடுநிலையான அல்லது சற்றே சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணை விரும்புவது. மண் பரிசோதனை செய்தபின் டோலமைட் என்னும் சுண்ணாம்புத் தூளை இடலாம். ஆனால் அமில மண்ணை விரும்பும் அசேலியா, கமேலியா வேர்களுக்கு அருகில் வேண்டாம். தழைச்சத்து உரத்தை அறவே நிறுத்துங்கள், அது இலையைத்தான் பெருக்கும். தேயிலைக்குச் செய்வதுபோல் நுனிகளைக் கவாத்து செய்திருந்தால், அந்த ஆண்டின் மொட்டுகளை நீங்களே வெட்டிவிட்டீர்கள்.

இவ்வளவு செய்தாலும் நாலைந்து கொத்துகளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். நானாக இருந்தால் அவ்விடத்தில் பட்லியா என்னும் பூப்புதரை நடுவேன். அதே ஊதாக் கதிர், தேன் மணம், வண்ணத்துப்பூச்சிகள் வேறு. புதுத்தளிரில் பூப்பதால் அதற்கு நீண்ட குளிர் தேவையில்லை, கவாத்தும் நன்மையே செய்யும். வாடிய கதிர்களை மட்டும் உடனுக்குடன் நறுக்கிவிடுங்கள். விதை விழுந்தால் வேலி தாண்டிப் பரவிவிடும்.