கேள்வி – பதில்: இரண்டாவது அல்பத்துக்குத் தயாராகும் இசைக்குழுக்களுக்கு

கேள்வி (கிளிநொச்சி): எங்கட குழுவின் முதல் அல்பம் முழுக்க மெல்லிசை. இரண்டாவதை சோல், ஃபங்க் பாணியில் செய்யிறம். மெட்டு நல்லாயிருக்கு எண்டு எல்லாரும் சொல்லினம். ஆனா மேடையில வாசிச்சா ஒருத்தரும் அசையினம் இல்லை. பிழை எங்க?

பதில்: பிழை மெட்டில் இல்லை, சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதலடியில் இருக்கிறது. ஃபங்க் இசையில் ஒவ்வொரு சுற்றின் முதலடியும் தூண் மாதிரி நிற்க வேண்டும். அமெரிக்காவில் இந்த இசையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிரவுண் தன் குழுவினரிடம் விடாமல் கேட்டது அந்த அடியைத்தான். அதை அவர் ‘ஒன்று’ என்றே அழைத்தார்.

தவில் தெரிந்த ஒருவரை ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். நான்கு தரம் ‘தகதிமி’ சொன்னால் பதினாறு எழுத்து. அதுதான் ஒரு சுற்று; ஒரு ‘தகதிமி’ ஒரு அடி. நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஒரு எழுத்துக்கு 150 மில்லிசெக்கன் வரும். முதல் ‘த’வில் பேஸ் கிற்றாரும் கிக் ட்ரம்மும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ஒன்றாக விழ வேண்டும். இரண்டாம், நான்காம் ‘தகதிமி’களின் தொடக்கத்தில் ஸ்னெயார் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய ட்ரம்). மிச்ச இடங்களில் பேஸ் எங்கே வாசிப்பது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதுதான் முக்கியம். விரலை எடுத்து நரம்பை அடக்காவிட்டால் சுரம் அடுத்த அடிமேல் வழியும். கிக்குக்கு 20, 30 மில்லிசெக்கன் பிந்தி பேஸ் வந்தாலே அடி கலங்கிவிடும். பதிவு செய்து கணினியில் இரண்டு அலைகளையும் ஒன்றின் கீழ் ஒன்று வைத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

கிற்றார்காரரின் வலது கை பதினாறு எழுத்துக்கும் மேலும் கீழுமாக ஓயாமல் ஓட வேண்டும். இடது கை அழுத்துவது மூன்று அல்லது நான்கு இடத்தில் மட்டும். மற்ற நேரம் விரல்கள் நரம்பைத் தொட்டபடியே இருக்கும், ‘சக் சக்’ என்ற ஓசைதான் வரும். எங்கள் பக்கத்தில் பொப்பிசையும் பைலாவும் வாசித்துப் பழகிய கை தன்னை அறியாமலே மூன்று மூன்றாகச் சாயும். அதை மாற்ற 70 அடி வேகத்தில் தொடங்கி, ஒரு நாளைக்கு 5 அடிக்கு மேல் கூட்டாமல் பழகுங்கள். ஒரே சுற்றை முழுதாகப் பத்து நிமிடம் வாசியுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் குழு ஒன்றுசேர்வது அங்கேதான்.

கேள்வி (வவுனியா): பாடசாலை பாண்டில் வாசித்த இரண்டு பிள்ளைகள் எங்களோட சேர்ந்திருக்கினம், ஒருவர் ட்ரம்பெட், மற்றவர் ஆல்ட்டோ சாக்ஸ். பாட்டெல்லாம் 3 கட்டையில். அவையள் தடுமாறினம், சுருதியும் சேரேல்லை.

பதில்: பிள்ளைகளில் குறை காணாதீர்கள். 3 கட்டை, அதாவது ஈ, கிற்றாருக்குச் சுகமான இடம், ஊதுவோருக்குக் கடினம். அவர்களுடைய வாத்தியங்களில் எழுதும் சுரம் ஒன்று, ஒலிக்கும் சுரம் வேறு. அதனால் அதே பாட்டை ட்ரம்பெட் ஆறு ஷார்ப்போடும் (அரைக்கட்டை ஏற்றிய சுரம்), ஆல்ட்டோ சாக்ஸ் ஏழு ஷார்ப்போடும் வாசிக்க வேண்டியிருக்கும். அரைக்கட்டை இறக்கி 2½ கட்டைக்கு, ஈ ஃப்ளாட்டுக்கு வாருங்கள். ட்ரம்பெட்டுக்கு ஒரே ஒரு ஃப்ளாட் (அரைக்கட்டை இறக்கிய சுரம்), சாக்ஸுக்கு ஒன்றுமே இல்லை. கிற்றாரிலும் பேஸிலும் எல்லா நரம்பையும் அரைக்கட்டை தளர்த்திவிட்டால் அவற்றை வாசிப்பவர்கள் பழைய விரலமைப்பிலேயே வாசிக்கலாம். பாடுபவருக்கும் தொண்டை சற்று இளகும். 4 கட்டையும் 6½ கட்டையும்கூட ஊதுவோருக்கு நல்லவை.

சுருதி சேராததற்கு வெக்கையும் ஒரு காரணம். ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று வாத்தியம் 3 சென்ட் வரை ஏறும். அரைக்கட்டை என்பது 100 சென்ட். அதே வெக்கையில் கிற்றார் நரம்பு நீண்டு சுருதி இறங்கும். கீபோர்ட் இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகவே பத்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகே எல்லோரும் கீபோர்ட்டுக்குச் சேருங்கள், அரை மணிக்கொரு தரம் மறுபடி பாருங்கள்.

ஊதுவோருக்கு எழுதும்போது, வேகமான துணுக்குகளை இருவரும் ஒரே சுரத்தில் வாசிக்கட்டும், முடிகிற அடியில் மட்டும் இரண்டு சுரமாகப் பிரியட்டும். இரண்டு சுற்று ஊதினால் இரண்டு சுற்று ஓய்வு. பாடகர் பாடும்போது ஊதாமல், வரி முடிகிற இடைவெளியில் பதில் சொல்ல வேண்டும். அருவி வெட்டு (நெல் அறுவடை)ப் பாட்டில் ஒருவர் எடுக்க மற்றவர் தொடர்கிறாரே, அதே முறைதான்.

நாதஸ்வரம் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. பாரி எனப்படும் நீளமான நாதஸ்வரங்கள் பல 2 அல்லது 2½ கட்டையில் இருப்பதால் மேலே சொன்ன சுருதியோடு பொருந்தும். கமகம் வேண்டாம், துத்துகாரத்தில் (நாக்கால் சுரத்தை வெட்டி ஊதும் முறை) குறுகலாக வாசிக்கச் சொல்லுங்கள். சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களும் இந்த இசையில் அதிகம் புழங்கும் ஐந்து சுரங்களும் ஒன்றே என்பதால் வித்துவானுக்கு அது புது ஊராக இராது. மைக்கை ஒன்றரை மீற்றர் தள்ளி வையுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): ஸ்ருடியோவுக்குக் காசில்லை. தகரக் கூரை வீட்டில் பதிவு செய்யலாமா?

பதில்: செய்யலாம், மாதம் பார்த்து. ஐப்பசி தொடங்கி மழை தகரத்தில் பேசும்; ஆனியிலிருந்து சோளகக் காற்று அதை ஆட்டும். மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். காலபோக அறுவடை இயந்திரங்கள் வயலில் ஓடும் பகலை விட்டுவிட்டு இரவில் பதியுங்கள்.

முட்டைத் தட்டு ஒட்டுவதால் பயனில்லை, அது கீழ்ச்சுரங்களைத் தொடவே தொடாது. தும்பு மெத்தைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி நிமிர்த்தி வையுங்கள். அறை மூலைகளில் பழந்துணி நிரப்பிய சாக்குகளைக் கூரை வரை அடுக்குங்கள், பேஸ் குமைவது அங்கேதான். பேஸையும் கீபோர்ட்டையும் டிஐ பெட்டி (வாத்தியத்தின் ஒலியை மைக் இல்லாமல் பதிவுக்கு அனுப்பும் பெட்டி) வழியாக நேரே எடுத்தால் அறையின் தொல்லை பாதி தீரும்.

ட்ரம்ஸுக்கு நான்கு மைக் போதும்: கிக், ஸ்னெயார், மேலே இரண்டு. மேலே உள்ள இரண்டும் ஸ்னெயாரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். நூல் பிடித்து அளவுங்கள்; தூரம் பிசகினால் ஸ்னெயார் மெலிந்து போகும். எழுபதுகளின் அந்த அடங்கிய ஓசை வேண்டுமென்றால் கைலேஞ்சியை நாலாக மடித்து ஸ்னெயார் விளிம்பில் ரேப்பால் ஒட்டுங்கள், கிக்குக்குள் தலையணை வையுங்கள். கணினியில் பதிவு 24 பிட் தரத்தில் இருக்கட்டும், ஒலியளவின் உச்சம் கழித்தல் 12 டெசிபெலைத் தாண்ட வேண்டாம்.

‘ம்ம்ம்’ என்ற 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் கொழுவுங்கள், ரியூப் லைற்றை அணையுங்கள், மடிக்கணினியை பற்றரியில் ஓட்டுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் ஊசியை ஒருபோதும் கழற்றாதீர்கள். மைக் உதட்டில், கிற்றார் கையில் இருக்கும்போது மின் ஒழுகினால் உயிர் போகும்.

கேள்வி (முல்லைத்தீவு): முதல் அல்பம் எடுபடவில்லை. இரண்டாவதில் அர்த்தம் இருக்கா? எத்தனை பாட்டு வைக்கலாம்?

பதில்: ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் என்ற அமெரிக்கக் குழுவின் முதல் அல்பம் 1967இல் வந்தது, விற்கவில்லை. அடுத்த ஆண்டே வந்த இரண்டாவது அல்பத்தின் தலைப்புப் பாட்டு, ‘டான்ஸ் டு த மியூசிக்’, ட்ரம்ஸ், கிற்றார், பேஸ் என்று ஒவ்வொரு வாத்தியத்தையும் பெயர் சொல்லி அழைத்துக் கொண்டுவருகிறது. கேட்பவருக்குக் கதவு திறந்துவிடும் பாட்டு அது, அதுவே அவர்களைத் தூக்கி நிறுத்தியது. ஸ்கொட்லாந்துக்காரரின் அவரேஜ் வைட் பாண்டும் அப்படித்தான். 1973இல் வந்த முதலாவது கவனம் பெறவில்லை. 1974இல் வந்த இரண்டாவது, அடுத்த ஆண்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதில் எல்லோரையும் இழுத்த பாட்டில் தலைப்பைக் கத்துவதைத் தவிர வார்த்தையே இல்லை, சாக்ஸ்தான் பேசுகிறது.

அந்த அல்பத்தில் பத்துப் பாட்டுகள். உங்களுக்கும் அதற்கு மேல் தேவையில்லை, 40 நிமிடம் போதும். முதல் அல்பப் பாட்டுகள் பல வருடம் மேடையில் தேய்ந்து மெருகேறியவை. இரண்டாவதுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை, பெரும்பாலும் சறுக்குவது இதனால்தான். கோயில் திருவிழா, கலியாண வீடு, விளையாட்டுப் போட்டி, எதுவானாலும் புதுப் பாட்டு ஒவ்வொன்றையும் ஐந்து மேடையிலாவது வாசித்துவிட்டுப் பதியுங்கள். சனம் எந்த இடத்தில் எழும்பிப் போகுதோ அந்த இடத்தை வெட்டுங்கள்.

கேள்வி (மாங்குளம்): தமிழ்ச் சொல் இந்தத் தாளத்துக்கு இருக்குமா?

பதில்: நன்றாகவே இருக்கும். ‘கட்டு’, ‘தட்டு’, ‘விட்டுப்போ’ போல வல்லினம் இரட்டிக்கும் சொற்களை அடியில் வையுங்கள், அவை தாமே ஸ்னெயார் வாசிக்கும். நெடிலை வரியின் கடைசிக்கு விடுங்கள், பாடகர் அங்கே இழுத்துக் கொள்ளலாம்.