முதலையும் கொக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வன்னிக் குளத்து முதலைக்கு உடும்பைவிடக் கொக்குதான் நெருங்கிய சொந்தம் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். என் மகளுக்குப் பள்ளியில் முதலையும் உடும்பும் ஊர்வன, கொக்கு பறவை என்று படிப்பிக்கிறார்கள். வீட்டில் ஒரே வாக்குவாதம். எது சரி?

ஒரு வாசகர், கிளிநொச்சி

அன்புள்ள நண்பருக்கு,

பரீட்சையில் மகள் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும். ஆனால் வாக்குவாதத்தை விட்டுவிட வேண்டாம்.

செதில் தோல், நான்கு கால், நீண்ட வால். இவற்றைப் பார்த்துத்தான் முதலையையும் உடும்பையும் ஒன்றாகச் சேர்க்கிறோம். இவையெல்லாம் மிகப் பழைய சொத்து. அதை இன்னும் கைவிடாமல் வைத்திருப்பதால் மட்டும் இருவர் நெருங்கிய உறவாகிவிட மாட்டார்கள். கனடா போன தம்பி ஆளே மாறியிருப்பான், பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் போலவே சாரம் கட்டியிருப்பார். அதற்காக இரத்த உறவு இடம் மாறுமா?

ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி அதன் வாரிசுகளுக்கு வந்த இயல்புகள்தான் உறவுக்குச் சாட்சி. ஒரு மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் சேர்ந்தால்தான் ஒரு பிரிவு. பறவையை வெளியே நிறுத்திய 'ஊர்வன' என்னைப் பொறுத்தவரை அரைகுறைக் குடும்பம்தான்.

முதலையின் இதயம் பறவைக்கு உள்ளதுபோல நான்கு அறை கொண்டது. உடும்பின் இதயத்தில் கீழறை முழுதாகப் பிரிவதில்லை. நமக்கும் நான்கு அறைதான், ஆனால் அது வேறு வழியில் தனியாக வந்தது. அதனால்தான் ஒரே ஒரு உறுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை. எலும்பு, புதைபடிவம், மரபணு எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். முதலையும் பறவையும் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. உடும்பின் கிளை அதற்கும் முன்பே போய்விட்டது.

இந்த உறவுமரம் வெறும் பெயர்ப்பட்டியல் இல்லை. எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான்: தாய் முதலை கூட்டைக் காவல் காக்கும், முட்டைக்குள் குஞ்சு கத்தினால் மண்ணைத் தோண்டி எடுக்கும். பறவையும் கூடு காக்கிறது. அப்படியானால் பறவைகள் பிறந்த டைனோசர் கிளையிலும் இந்தப் பழக்கம் இருந்திருக்க வேண்டும் அல்லவா? மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் 1990களில், முட்டைகளின் மேல் அமர்ந்தபடியே புதையுண்ட டைனோசரைத் தோண்டி எடுத்தார்கள்.